கரையிறக்குவது ஒன்று, ஊர் சேர்ப்பது வேறு: பயணத் தடைக் காலத்தில் நோயுற்ற கடலோடி

தூத்துக்குடியிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். 2020 மே மாதம், சரக்குக் கப்பல் ஒன்றில் போசனாக, அதாவது மேல்தள ஊழியர்களின் தலைவராக, இருந்த அவருடைய கணவர் பக்கவாதத்தால் விழுந்தார். அருகிலிருந்த துறைமுகம் இறக்கிக்கொள்ள மறுத்துவிட்டதால் ஆறு நாள் கப்பலிலேயே கிடந்தார். பிறகு ஓர் அயல்நாட்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, அங்கிருந்து வீடு வந்து சேர ஏழு வாரம் ஆயிற்று. இப்போது அவருடைய மகன் கேடட்டாகக் கப்பல் ஏறியிருக்கிறான். அன்றைக்கு வேறு விதமாக ஏதேனும் செய்திருக்க முடியுமா, மறுபடியும் எல்லைகளை மூடும் நிலை வந்தால் யாரை எந்த வரிசையில் அணுக வேண்டும் என்று கேட்கிறார். கப்பல் உரிமையாளர்கள் சேர்ந்து நடத்தும் காப்பீட்டுச் சங்கங்களான காப்பீட்டுக் கிளப்புகளின் உள்ளூர்ப் பிரதிநிதி அலுவலகத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன், கொரோனாக் காலம் முழுவதும் இந்த வேலையையே செய்தவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். நோயுற்ற கடலோடியை ஊருக்குக் கொண்டுவருவதில் இரண்டு பயணங்கள் இருக்கின்றன. கப்பலிலிருந்து மிக அருகிலுள்ள, தகுந்த மருத்துவமனைக்குப் போவது முதலாவது. அது மணிக்கணக்கில் முடிய வேண்டிய உயிர்காப்பு வேலை. அந்த மருத்துவமனையிலிருந்து சொந்த ஊருக்கு வருவது இரண்டாவது. அதற்கு நாட்களும் வாரங்களும் ஆகலாம்; ஆவதில் தவறும் இல்லை. தடைக் காலத்தில் நேர்ந்த பெருந்துன்பங்களில் பல, இந்த இரண்டையும் ஒரே கோரிக்கையாகச் சேர்த்து அனுப்பியதால் வந்தவை என்பது என் உறுதியான எண்ணம். குடும்பம் பதறிப்போய் "எப்படியாவது ஊருக்கு அனுப்புங்கள்" என்று கேட்கும். நிறுவனம் அதையே துறைமுகத்துக்கு எழுதும். துறைமுகமோ பணியாளர் மாற்றத்துக்குத் தடை இருக்கிறது, விமானமும் இல்லை என்று பதில் எழுதிக் கோப்பை மூடிவிடும். நோயாளி அறையிலேயே கிடப்பார்.

முதல் பயணத்துக்கு விமானம் தேவையில்லை, விசா தேவையில்லை. அதற்குச் சட்டத்தின் துணையும் வலுவாக இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை இந்தியா 2015 அக்டோபரில் ஏற்றுக்கொண்டது. உடனடி மருத்துவம் தேவைப்படும் கடலோடி எந்த நாட்டுக் கொடி பறக்கும் கப்பலில் இருந்தாலும், அந்தக் கப்பல் தன் எல்லைக்குள் இருக்கும்போது கரையிலுள்ள மருத்துவ வசதியை அவருக்குத் திறந்துவிட வேண்டும் என்று அதன் நான்காம் தலைப்பு உறுப்பு நாடுகளைக் கட்டுப்படுத்துகிறது. 1979ஆம் ஆண்டின் கடல் தேடல் மீட்பு உடன்படிக்கையோ, மீட்பு என்ற சொல்லுக்குப் பொருள் சொல்லும்போதே ஆபத்திலிருப்பவரின் முதற்கட்ட மருத்துவத் தேவையையும் அதற்குள் அடக்கிவிடுகிறது. தொற்று அச்சத்தைக் காரணம் காட்டி ஒரு கப்பலைத் துறைமுகத்துக்குள் வரவிடாமல் தடுக்கும் உரிமைக்கும், உலக சுகாதார அமைப்பின் 2005ஆம் ஆண்டு சர்வதேசச் சுகாதார விதிகளின் 28ஆம் பிரிவு வரம்பு கட்டியிருக்கிறது.

இவ்வளவும் ஏட்டில் இருந்தும் 2020இல் கதவுகள் மூடித்தான் இருந்தன. அந்த ஏப்ரலில், சுமாத்ராவுக்கு அருகே சென்றுகொண்டிருந்த கப்பலில் பக்கவாத அறிகுறிகளோடு இருந்த ரஷ்யக் கடலோடி ஒருவரைக் கரையிறக்குவதற்கு சர்வதேசக் கடல்சார் அமைப்பும் கப்பல் உரிமையாளர் கூட்டமைப்பும் தொழிற்சங்கக் கூட்டமைப்பும் சேர்ந்து முயல வேண்டியிருந்தது. அதே மாதத் தொடக்கத்தில் நேர்மாறான ஒன்றும் நடந்தது. ஊரடங்கில் இருந்த இலங்கை, கொழும்புக்கு வந்து நின்ற பயணிகள் கப்பலிலிருந்து தன் நாட்டுச் சமையல்காரர் ஒருவரையும், இதயக் கோளாறால் துன்புற்ற ஜெர்மானிய மூதாட்டி ஒருவரையும் தன் கடற்படையைக் கொண்டு கரைக்கு அழைத்துவந்தது. மனம் வைத்தால் முடியும் என்பதை அது காட்டியது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் வல்லுநர் குழு 2020 டிசம்பரில், தவிர்க்க முடியாத சூழல் என்ற காரணத்தை நாடுகள் இனியும் சொல்லிக்கொண்டிருக்க முடியாது என்று எழுதியது. அந்த அனுபவத்தின் பயனாக, உடனடி மருத்துவம் தேவைப்படுவோரைக் காலம் தாழ்த்தாமல் கப்பலிலிருந்து இறக்க வேண்டும் என்ற வெளிப்படையான கடமை உடன்படிக்கையில் 2022இல் சேர்க்கப்பட்டு, 2024 டிசம்பர் 23 முதல் நடைமுறையில் இருக்கிறது. உங்கள் கணவருக்கு அன்று இல்லாத அந்த வரி இன்று உங்கள் மகனுக்கு இருக்கிறது.

ஆனால் சட்டத்தை மேற்கோள் காட்டுவதைவிட முதல் செய்தியை எப்படி எழுதுகிறோம் என்பதே முடிவைத் தீர்மானித்ததை நான் பலமுறை கண்டிருக்கிறேன். 2020 ஜூனில் ஓர் எண்ணெய்க் கப்பலின் மோட்டார்மேனுக்கு, அதாவது இயந்திர அறை ஊழியருக்கு, இரண்டு நாளாகக் கறுப்பாக மலம் போயிற்று. எழுந்து நின்றால் தலைசுற்றல். இரைப்பைப் புண்ணிலிருந்து இரத்தம் கசிகிறது என்பது மருத்துவர் அல்லாதவருக்கும் புரிகிற அறிகுறி. நிறுவனம் துறைமுகத்துக்கு அனுப்பிய மின்னஞ்சலின் தலைப்போ "சைன் ஆஃப் கோரிக்கை", அதாவது பணி முடித்து இறங்கும் வழக்கமான கோரிக்கை, என்று இருந்தது. வழக்கமான படிவத்தில், மாற்று ஆள் யார், விமானம் எது என்ற கட்டங்கள் காலியாக இருந்தன. மறுநாள் காலை மறுப்பு வந்தது. அன்று மதியம் அதே செய்தியை நாங்கள் வேறு விதமாக எழுதினோம். தலைப்பில் மருத்துவ அவசரம் என்ற சொல்லும் கப்பலின் பெயரும் நிற்குமிடமும். முதல் பத்தியில் நாடித் துடிப்பு, இரத்த அழுத்தம், அவை ஆறு மணி நேரத்தில் எப்படி மாறின என்ற விவரம். இரண்டாம் பத்தியில், கரையிலிருந்து கப்பலுக்கு ஆலோசனை சொல்லும் வானொலி மருத்துவரின் கருத்து அவருடைய சொற்களிலேயே. மூன்றாம் பத்தியில் கப்பலில் யாருக்கும் காய்ச்சலோ இருமலோ இல்லை, கடைசித் துறைமுகத்தை விட்டு எத்தனை நாள் ஆயிற்று என்ற தகவல். இறுதியில் சேர்த்துக்கொள்ள ஒப்பிய மருத்துவமனையின் பெயரும், முழுச் செலவுக்கும் காப்பீட்டுக் கிளப் பொறுப்பு என்ற உறுதிமொழியும். அதே அதிகாரி, அன்று மாலை ஐந்து மணிக்குள் லாஞ்ச் படகுக்கு அனுமதி கொடுத்தார். அவர் இளகிவிட்டார் என்று நான் நினைக்கவில்லை. கையெழுத்திடத் தேவையான காகிதம் அப்போதுதான் அவர் கைக்கு வந்தது.

அந்த மோட்டார்மேனை இறக்கிய காட்சி இன்னும் கண்ணில் இருக்கிறது. எழுந்து நிற்க முடியாதவரைக் கேங்வே என்னும் கப்பல் படிக்கட்டு வழியாக நடத்த முடியாது. நீல் ராபர்ட்சன் என்று கப்பலில் சொல்லும், உடலைச் சுற்றி வரிந்து கட்டும் ஸ்ட்ரெச்சரில் வைத்துக் கிரேனால் மெல்லப் படகில் இறக்கினார்கள். படகில் இருந்த மூவரும் தலை முதல் கால் வரை மூடிய உடையில் இருந்தார்கள். நோயாளியோடு பேச யாருக்கும் அனுமதி இல்லை. அதை முன்பே எண்ணிப் பார்த்த செகண்ட் ஆபீசர், ஒரு அட்டையில் பெயர், இரத்த வகை, கடைசியாகக் கொடுத்த மருந்து, கொடுத்த நேரம் நான்கையும் பெரிய எழுத்தில் எழுதி நோயாளியின் மார்பில் கட்டியிருந்தார். அவசரப் பிரிவு மருத்துவர் முதலில் படித்தது அந்த அட்டையைத்தான்.

கப்பலில் மருத்துவர் இருக்கமாட்டார் என்பது பல குடும்பங்களுக்குத் தெரிவதில்லை. நூறு பேரோ அதற்கு மேலோ ஏற்றிக்கொண்டு மூன்று நாளுக்கு மேற்பட்ட சர்வதேசப் பயணம் போகும் கப்பலுக்குத்தான் மருத்துவர் கட்டாயம். இருபது இருபத்தைந்து பேர் கொண்ட சரக்குக் கப்பலில் மருத்துவப் பொறுப்பு, பயிற்சி பெற்ற ஓர் அதிகாரியிடம் இருக்கும். எனவே வானொலி மருத்துவ ஆலோசனையே உயிர்நாடி. எந்தக் கொடிக் கப்பலாயினும் இருபத்துநான்கு மணி நேரமும் கட்டணமின்றி அது கிடைக்க வேண்டும் என்பது உடன்படிக்கையின் விதி. ரோமில் 1935இல் தொடங்கிய சர்வதேச வானொலி மருத்துவ மையம் இன்றும் இந்தப் பணியைச் செய்கிறது. இன்மார்சாட் செயற்கைக்கோள் கருவியில் 32 என்ற எண் மருத்துவ ஆலோசனைக்கும், 38 என்ற எண் நோயாளியை இறக்குவது போன்ற மருத்துவ உதவிக்கும் உரியது. ஆலோசனை கேட்டு முடித்த பிறகும் 38ஐ அழைக்கத் தயங்கும் கேப்டன்கள் உண்டு. கப்பலைத் திருப்பினால் நிறுவனம் என்ன சொல்லுமோ என்ற தயக்கம் அது. அந்த இடத்தில் நிறுவனத்திலிருந்து "திருப்புங்கள், செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று எழுத்தில் ஒரு வரி போனால் போதும்.

பக்கவாதம் என்றால் காலம் இன்னும் கொடியது. இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். நடுக்கடலில் அது கைகூடுவது அரிது. ஆயினும் விழுங்கும் திறன் பாதிக்கப்பட்டவருக்கு வாய்வழி உணவோ நீரோ கொடுத்து அது நுரையீரலுக்குள் போய்விடாமல் பார்ப்பதும், படுக்கைப் புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பதும், அடைப்பா இரத்தக் கசிவா என்று ஸ்கேன் பார்க்கும் முன்பு ஆஸ்பிரின் கொடுத்துவிடாமல் மருத்துவரைக் கேட்பதும் கப்பலில் செய்யக்கூடியவை. உங்கள் கணவர் ஆறு நாள் தாக்குப்பிடித்தார் என்றால், அவருடைய சகபணியாளர்கள் இவற்றைச் சரியாகச் செய்திருக்கிறார்கள் என்றே நான் நம்புகிறேன்.

துறைமுகத்தைத் தவிர இருக்கும் இன்னொரு வழி கடல் மீட்பு ஒருங்கிணைப்பு மையம். இந்தியக் கடலோரக் காவல்படையின் மையங்கள் மும்பை, சென்னை, போர்ட் பிளேர் ஆகிய மூன்று இடங்களில் இயங்குகின்றன; இந்தியாவுக்குள் 1554 என்ற எண்ணில் அழைக்கலாம். கொழும்பிலும் ஒரு மையம் உண்டு. கிழக்குக்கும் மேற்குக்கும் போகும் கப்பல்களின் முக்கியத் தடம் இலங்கையின் தெற்கு முனையை ஒட்டியே செல்வதால், காலிக்கு வெளியே படகில் நோயாளியை இறக்கிக்கொள்வது அங்கே பழகிப்போன வேலை. துறைமுக அதிகாரி வணிகக் கண்ணோடு பார்க்கும் கோரிக்கையை இந்த மையங்கள் மீட்புக் கண்ணோடு பார்க்கின்றன. அதனால்தான் துறைமுகத்தின் பதிலுக்குக் காத்திராமல் இரண்டுக்கும் ஒரே நேரத்தில் செய்தி அனுப்ப வேண்டும் என்று வற்புறுத்துகிறேன்.

இனிக் குடும்பத்தின் பங்கு. ஒவ்வொரு கப்பல் நிறுவனத்திலும் நியமிக்கப்பட்ட கரைப் பொறுப்பாளர் ஒருவர் இருந்தாக வேண்டும், டி.பி.ஏ. என்பார்கள். அவருடைய பெயரையும் எண்ணையும் உங்கள் மகன் இப்போதே உங்களுக்கு அனுப்பி வைக்கட்டும். முதல் அழைப்பு அவருக்கு. இரண்டாவது அழைப்பு, ஆளெடுத்த மேனிங் ஏஜென்சிக்கு; உரிமம் பெற்ற நிறுவனம் என்ற முறையில் அது கைகழுவிவிட முடியாது. நாளொன்று கடந்தும் அசைவில்லை என்றால் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம், கப்பல் நிற்கும் நாட்டிலுள்ள இந்தியத் தூதரகம், கடலோடியின் தொழிற்சங்கம் ஆகிய மூன்றுக்கும் ஒரே கடிதத்தை அனுப்புங்கள். கப்பல் பதிவாகியுள்ள கொடி நாட்டையும் விட்டுவிடாதீர்கள். பனாமா, லைபீரியா என்றால் எட்டாத தூரம் என்று எண்ணி யாரும் எழுதுவதில்லை, ஆனால் கொடி நாட்டின் கடிதத்தைத் துறைமுகம் ஒதுக்கிவிட முடியாது. வீட்டில் ஒருவர் மட்டுமே பேச வேண்டும் என்பதையும் சொல்லிவைக்கிறேன். அண்ணன் ஒன்று கேட்டு மைத்துனர் வேறொன்று கேட்டால், பொறுப்பாளரின் நேரம் உங்களுக்குப் பதில் சொல்வதிலேயே போய்விடும்.

கரையில் சேர்ந்த பிறகுதான் இரண்டாம் பயணம் தொடங்குகிறது. இங்கே அவசரம் காட்டக் கூடாது. பறக்கும் விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம், ஏறத்தாழ ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயரத்தில் உள்ளதற்கு ஈடானது. ஊட்டியின் உயரத்தில் ஒருவர் பல மணி நேரம் படுத்திருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். ஆக்சிஜன் குறையும், உடலுக்குள் அடைபட்ட காற்று விரியும். அண்மையில் வயிற்று அறுவை நடந்தவருக்கும் நுரையீரலைச் சுற்றிக் காற்றுக் கோத்தவருக்கும் அது ஆபத்து. பக்கவாதம் வந்த முதல் சில நாட்களில் விமான நிறுவன மருத்துவர்கள் பெரும்பாலும் இசைவதில்லை. அதன் பிறகும் உடன் ஒரு செவிலியர் வர வேண்டும் என்பது வழக்கம். பறக்கத் தகுதி என்று சிகிச்சை அளித்த மருத்துவர் சான்று கொடுத்தாலும், நோயாளியின் உடல்நிலையைத் தெரிவிக்கும் மெடிஃப் என்னும் படிவத்தைப் பார்த்து விமான நிறுவனத்தின் மருத்துவர் தனியே சம்மதிக்க வேண்டும். ஸ்ட்ரெச்சரில் படுத்து வருபவருக்குப் பொதுவாக ஆறு இருக்கைகளுக்குக் குறையாமல் வாங்க வேண்டியிருக்கும்.

2020இல் இதற்கு மேல் இன்னொரு சுவர் நின்றது. மார்ச் 22 முதல் இந்தியாவுக்கு வழக்கமான சர்வதேசப் பயணிகள் விமானங்கள் இல்லை. உள்நாட்டு விமானங்கள் மே 25 அன்றுதான் மீண்டன. வெளிநாட்டில் சிக்கியவர்களை அழைத்துவர அரசு மே 7இல் தொடங்கிய வந்தே பாரத் விமானங்களில் ஏறத் தூதரகத்தில் பதிய வேண்டும். மருத்துவ அவசரக்காரர்களுக்கு முன்னுரிமை என்று உள்துறையின் வழிமுறை சொல்லியிருந்தும், ஸ்ட்ரெச்சர் பொருத்தக்கூடிய விமானம் அந்த ஊருக்கு எப்போது வரும் என்பதைப் பொறுத்தே எல்லாம் இருந்தது. தனி ஆம்புலன்ஸ் விமானத்துக்குச் சிறப்பு அனுமதி வாங்கலாம். ஆனால் சிறிய ஜெட் வழியில் எரிபொருளுக்கு இறங்கினால் அந்த நாட்டின் அனுமதியும் வேண்டும்; விமானியையும் செவிலியரையும் தனிமைப்படுத்துவோம் என்று ஒரு நாடு சொன்னால் மொத்த ஏற்பாடும் கலைந்துவிடும். ஒரு நோயாளிக்காக நாங்கள் மூன்று முறை பாதை மாற்றியிருக்கிறோம். சென்னையில் இறங்கிய பிறகும் கவலை ஓயாது. படுக்கை உண்டு என்று மருத்துவமனை கொடுத்த கடிதம், பரிசோதனைச் சான்று, மாவட்டம் விட்டு மாவட்டம் போக ஆம்புலன்சோடு வரும் உறவினருக்கு இ-பாஸ், இவற்றில் ஒன்று இல்லையென்றாலும் வண்டி சாலையிலேயே நிற்கும்.

எனவே உங்கள் முதல் கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிறேன். ஏழு வாரத்தின் பெரும்பகுதி அன்றைய நிலையில் தவிர்க்க முடியாதது. அதற்காக உங்களை நொந்துகொள்ளாதீர்கள். ஆறு நாள் என்பது நடந்திருக்கக் கூடாதது. அதைச் சரிசெய்யும் பொறுப்பு துறைமுகத்துக்கும் நிறுவனத்துக்கும் இருந்தது, வீட்டிலிருந்த உங்களுக்கு இல்லை.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. மருத்துவம், தங்குமிடம், ஊர் திரும்பும் செலவு ஆகியவை கப்பல் உரிமையாளருடையவை. வேண்டுமென்றே தீங்கு தேடிக்கொண்டது, வேலைக்குச் சேரும்போது நோயை மறைத்தது போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. இவற்றில் மருத்துவம், தங்குமிடம் ஆகியவற்றுக்கான பொறுப்புக்கு நாட்டுச் சட்டம் கால வரம்பு வைக்கலாம். ஆனால் பதினாறு வாரத்துக்குக் குறைவாக வைக்க முடியாது. ஊர் திரும்பியதும் பொறுப்பு முடிந்தது என்று சிலர் பேசிப் பார்ப்பார்கள், முடியவில்லை. கடலோடி மருத்துவமனையில் இருக்கும்போதே "முழுமையும் இறுதியுமான தீர்வு" என்று ஒரு தாளை நீட்டினால், தொழிற்சங்கத்திடமோ வழக்கறிஞரிடமோ காட்டாமல் கையெழுத்திடக் கூடாது. அவசரத்தில் கையெழுத்திட்டுவிட்டுப் பின்னால் வந்து அழுத பெண்களை நான் பார்த்திருக்கிறேன்.

உங்கள் மகன் அடுத்த முறை கப்பலிலிருந்து பேசும்போது, பணியாளர் உணவறையிலோ நடைவழியிலோ ஒட்டியிருக்கும் இரண்டு நிதி உறுதிச் சான்றிதழ்களையும் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஒன்று ஊர் திருப்பும் செலவுக்கு, மற்றது நோய், விபத்து இழப்பீட்டுக்கு. எல்லாரும் பார்க்கும் இடத்தில் அவை இருந்தாக வேண்டும் என்பது விதி. காப்பீட்டுக் கிளப்பின் பெயரும் தொடர்பு எண்ணும் அவற்றில் இருக்கும். அந்தப் படங்களோடு பணி ஒப்பந்தம், பாஸ்போர்ட், சி.டி.சி. என்னும் கடலோடியின் பணிப் பதிவேடு ஆகியவற்றின் நகல்களையும், கப்பலின் அடையாள எண்ணான ஐ.எம்.ஓ. எண்ணையும், மகனின் இரத்த வகை, ஒவ்வாமை விவரங்களையும் ஓர் உறையில் போட்டுவிடுங்கள். இதே உறை ஒன்று கப்பலில் அவன் தலைமாட்டிலும் இருக்கட்டும். படகில் இறக்கும்போது பெட்டி வராவிட்டாலும் அந்த உறை அவனோடு வர வேண்டும் என்று கேபின் நண்பனிடம் சொல்லிவைக்கச் சொல்லுங்கள்.